பன்னிரண்டாவது வரி

“சாவி, இருக்கு. சார்ஜர், இருக்கு. டிபன், தயிர் சாதம். போன், அறுபத்திரண்டு பர்சென்ட்.”

ஸ்கூட்டர் சீட்டின் மேல் பையை வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் இளவேனில் மாடிப்படி ஏறுவாள். டிபன் என்றால் போதாதா, அதற்குள் இருப்பதையும் ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “பேரை மட்டும் சொன்னா பாதிதாண்ணே தெரியும். உள்ள என்ன இருக்குன்னும் சொல்லணும்” என்றாள்.

வயது முப்பத்திரண்டு. விழிதியூரில் நெல் போடுகிற குடும்பம். காரைக்காலில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், என் என்ஜின் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை எடுத்து, படகுகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்கிறாள். என்ஜின் ரூமுக்குள் தண்ணீர் ஏறினால் மணி அடிக்கும். பெட்டி அவள் கைவேலை, உள்ளே ஓடும் புரோகிராமும் அவள் எழுதியது. படகில் மாட்டுவது நான். ஏழாவதோடு நின்றவன்; அவள் சொல்லி எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாராவது கதவைத் தட்டினால் “ஒரு நிமிஷம்” என்பாள். அது இருபது நிமிஷம். கம்ப்யூட்டரோடு சண்டை போடும்போது வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் பேசுவாள்: “ஏங்க, இப்ப என்னங்க குறை உங்களுக்கு?” புரோகிராமுக்குள் வைக்கும் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே எழுதுவாள். நீர் மட்டம், படகு எண், இப்படி. கேட்டால், “கோவம் தமிழ்லதானே வருது, பேரும் அதுலயே இருக்கட்டும்.”

பெட்டியின் செட்டிங் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். ஸ்பேனர் தட்டு மாதிரி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பெயர், உள்ளே ஒரு மதிப்பு. படகில் மாட்டுவதற்கு முன் அவற்றைப் பட்டியலாக அச்சடித்துப் பார்ப்பாள். பதினோரு வரி வரும். பதினொன்றும் சரியென்றால் பெட்டி சரி. அந்தப் பட்டியலின் மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை.

போன ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போன முதல் பயணத்திலேயே தர்மலிங்கத்தின் படகில் தண்ணீர் ஏறிவிட்டது. கிளம்பி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. மணி அடிக்கவில்லை. பீடிக்கு நெருப்புத் தேடி என்ஜின் ரூமை எட்டிப் பார்த்த ஒருத்தர் கண்ணில் பட்டு, எல்லாரும் சேர்ந்து இறைத்துக் கரைக்கு வந்தார்கள். டிரைவர் கருப்பையன் மணியை அமர்த்திவிட்டுத் தூங்கிவிட்டார் என்று தர்மலிங்கம் சொன்னார். மறுநாளே பெட்டியைக் கழற்றிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

“ஏம்மா, உன் பெட்டி சரியில்லையா, என் டிரைவர் சரியில்லையா? ஒண்ணைச் சொல்லு. வெள்ளிக்கிழமை என் போட்டு கடலுக்குக் கிளம்புது.”

அவள் பட்டியலை எடுத்துக் காட்டினாள். பதினோரு வரி. சோதனைப் பொத்தானை அமுக்கினாள். மணி கணீரென்று அடித்தது.

“எல்லாம் சரியா இருக்குங்க.”

“அப்ப அவனை எறக்கிட வேண்டியதுதான்.”

கருப்பையன் வாசலிலேயே நின்றிருந்தார். “மணி அடிக்கலம்மா. நான் தூங்குனா கொறட்டை விடுவேன். போட்டுல ஏழு பேரு, ஒருத்தன்கூடவா கேட்டிருக்க மாட்டான்?” என்றார். தர்மலிங்கம் சிரித்துவிட்டுப் படி இறங்கினார்.

இளவேனில் சிரிக்கவில்லை. பட்டியலை மறுபடி கையில் எடுத்தாள். “இது நான் கையால எழுதுனதுண்ணே. குழிக்கு ஒரு வரின்னு. நான் எழுத மறந்த குழி இருந்தா இதுல வராது.”

பெட்டியிடமே கேள் என்றேன்.

“அதுக்குப் பேரே தெரியாது. நான் எழுதுறதை மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர்னு ஒண்ணு இருக்கு. மாத்துறப்பவே பேரெல்லாம் உதிர்ந்துடும். போட்டுக்குப் போறது வெறும் நம்பருதான். உதிர்றதுக்கு முன்னாடி கம்பைலர்கிட்டயே கேட்டுக்கணும்.”

அப்படிக் கேட்கிற வழி இப்போதுதான் வந்திருக்கிறதாம். அந்தப் புதுக் கம்பைலரை இறக்கி ஓடவைக்கவே ஒருநாள் போனது. “ஏங்க, ஏங்க” என்று மேலே கெஞ்சல் கேட்டபடி இருந்தது. கடைசியில் அவள் எழுதியது பத்து வரி இருக்கும். இந்தக் கட்டில் எத்தனை குழியோ அத்தனையையும் நீயே எடு, பெயரை வை, பக்கத்தில் மதிப்பை வை. அவ்வளவுதான் சங்கதி.

வியாழக்கிழமை மதியம் என்னை மேலே கூப்பிட்டாள். தாளில் பன்னிரண்டு வரி. கடைசி வரி: மணி மௌனம், 240.

பவர் போட்டதிலிருந்து அத்தனை நிமிஷத்துக்கு மணி அடிக்காதே என்று அர்த்தம். மார்ச்சில் மேசை மேல் பக்கெட் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது, போட்டவுடனே கத்திக்கொண்டிருந்த பெட்டி அது. வேலை செய்ய விடுவியா மாட்டியா என்று கீழேயிருந்து சத்தம் போட்டது நான். அதற்காக அவள் சேர்த்த குழி. நாலு மணி நேரம். திரும்ப சைபராக்க மறந்து, அதே பெட்டி படகுக்குப் போய்விட்டது. சோதனைப் பொத்தான் மணிக்கு நேராகப் போவது. மௌனம் அதைத் தடுக்காது.

“சைபர் ஆக்கிட்டுப் பேசாம இரும்மா. யாருக்குத் தெரியப்போவுது? கருப்பையன் வேற போட்டுல ஏறிக்குவான்.”

“தூங்குனவருன்னு பேராயிடுச்சு. யாருண்ணே ஏத்துவா?”

“உன் பெட்டியை மட்டும் யாரு வாங்குவா?”

தாளை மடித்துக்கொண்டு படி இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புது டிரைவர் என்ஜின் ரூமுக்குள் இறங்கியிருந்தார். கருப்பையன் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு கரையில் நின்றார். தர்மலிங்கம் தாளை வாங்கிப் பிரித்தார்.

“என்னம்மா, இன்னொரு லிஸ்ட்டா?”

“போன தடவை காட்டுனது நான் எழுதுனதுங்க. இது உள்ள இருக்கறது அத்தனையும்.”

விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தவர் கடைசியில் நின்றார். அது என்ன என்று கேட்டார். நாலு மணி நேரம் மணி அடிக்காமல் வைக்கிறது என்று சொன்னாள்.

“யாரு வச்சா? இவனா?”

தாளில் பெயர் இருந்தது, மதிப்பு இருந்தது. வைத்தது யார் என்று இல்லை. இளவேனில் தாளைத் திரும்ப வாங்கினாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மீன் பெட்டி மேல் தாளை வைத்து, பன்னிரண்டாவது வரிக்குப் பக்கத்தில் இனிஷியலோடு தன் பெயரை எழுதினாள். தர்மலிங்கம் கையை நீட்டினார். அவள் அதைக் கருப்பையனிடம் கொடுத்தாள்.