பவுனுக்கும் புரட்டாசி

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, கையில் துளசியும் நெற்றியில் நாமமுமாகத் திரும்பி வருகிறேன். பக்கத்து வீட்டுக் காதர் பாய் வெளிக்குழாயடியில் குந்தி உட்கார்ந்து ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் மண் கரைத்த தண்ணீர். பிறகு நல்ல தண்ணீர். மறுபடி நல்ல தண்ணீர். மறுபடியும்...

எனக்குப் பகீரென்றது. அது அவர் வீட்டுப் பூனைகள் சாப்பிடும் தட்டு. நாய் வாய் வைத்த பாத்திரத்தைத்தான் அவர்கள் அப்படி மண் போட்டுக் கழுவுவார்கள். எங்கள் வரிசையில் நாய் இருப்பது ஒரே ஒரு வீட்டில் — எங்கள் வீட்டில்.

பாய் தலையை நிமிர்த்தினார். "கோயிலுக்கா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குப் பவுனைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு — பவுனு எங்கள் வீட்டு நாய். கரங்கான் தோட்டத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் பிறந்து, ஒரு காலி மைலோ அட்டைப்பெட்டியில் உட்கார்ந்தபடி நாங்கள் இருக்கும் கூலிம் டவுனுக்கு வந்து சேர்ந்தவள். ஜாதி நாய் எல்லாம் இல்லை. ஆனால் வெயிலில் நின்றால் அந்த மஞ்சள் நிறம் பவுன் மாதிரியே மின்னும். அதனால்தான் அந்தப் பெயர்.

அவளைக் கொண்டுவருவதற்கு முன்பே பாயிடம் போய்ச் சொல்லிவிட்டேன். 'நாய் வளர்க்கப் போகிறோம். உங்கள் வாசல் பக்கமே வராது. அது என் பொறுப்பு.' அவர் பெரிய மனதோடு தலையாட்டினார்.

அந்த வாக்குக்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, "இரு" என்பேன். இருந்தால் அவித்த கோழி ஈரலில் நகக்கண் அளவு ஒரு துண்டு. வெளியே கால் வைத்தால் ஒன்றும் கிடையாது, முதலிலிருந்து மறுபடியும். அடி கிடையாது, செருப்பைத் தூக்குவது கிடையாது. வீட்டில் எல்லாரும் அதே ஒரு சொல்லைத்தான் சொல்ல வேண்டும். நான் 'இரு' என்றும், வீட்டுக்காரர் மலாயில் 'டுடுக்' என்றும், மகள் 'சிட்' என்றும் ஆளுக்கொரு பாஷையில் அதட்டினால் பாவம், அது என்ன மொழிபெயர்ப்பாளரா?

கடைசியில் கேட் அகலத் திறந்து கிடந்தாலும், பாயின் மூன்று பூனைகளும் எதிரே ஊர்வலம் போனாலும், பவுனு அசைய மாட்டாள். எங்கள் குடியிருப்பான இந்தத் தாமானில் எனக்கு அவ்வளவு பெருமை. 'டிரெயினிங்னா டீச்சர் வீட்டைப் போய்ப் பாருங்க' என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு எல்லை தாண்டிவிட்டாள்.

தாண்டியதோடு நிற்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அதே கதை. பூனைகள் மதில்மேல் ஏறி நின்று கத்த, இவள் அவற்றின் தட்டைப் பளபளப்பாக்கிவிட்டு வந்தாள்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சட்டம் என்றால் சட்டம்தான் அவருக்கு. "இன்னொரு தடவ அந்தப் பக்கம் போச்சுன்னா கரங்கானுக்கே கொண்டுபோய் விட்டுருவேன். பாய் மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. தோட்டத்தில் நாத்தனார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள். ஆனால் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கேட்டுக்குப் பின்னால் அந்த வால் இல்லாவிட்டால்...

சரி, பழையபடி ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுப்போம் என்று வாரை மாட்டினேன். "இரு" என்றேன். உட்கார்ந்தாள். பரிசாக ஒரு பிஸ்கட் கொடுத்தேன். வாங்கி, மரியாதைக்கு ஒரு தரம் மென்று, என் காலடியிலேயே துப்பிவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன்... விலா எலும்பு லேசாகத் தெரிகிறது. ரோமத்தில் அந்த மினுமினுப்பு இல்லை. வயிறும் சரியில்லை.

மறுநாளே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீன டாக்டரம்மா. பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உண்ணி இல்லை, தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறது என்று மெச்சினார். பிறகு என்ன சாப்பாடு போடுகிறோம் என்று கேட்டார்.

நான் மலாயில் வரிசையாகச் சொன்னேன். தயிர்ச்சோறு. ரசச்சோறு. சாம்பார்ச்சோறு. சனிக்கிழமை என்றால் வடை, பாயசம்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். போன மாதம் வரை என்ன போட்டீர்கள் என்றார். கோழி, ஈரல், மீன். பிறகு ஏன் நிறுத்தினீர்கள்? நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், எங்களுக்கு இது சைவ விரத மாதம், வீட்டுக்குள் முட்டைகூட வராது என்று விளக்கினேன்.

டாக்டரம்மா குனிந்து, பவுனுவின் தாடையைத் தூக்கி, அவளிடமே விசாரித்தார். "அஞ்சிங் பூன் புவாசா கா?"

நாய்க்கும் விரதமா! நியாயமான கேள்விதானே? பவுனு எந்தப் பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டாள்? நாங்கள்தான் எங்கள் புண்ணியக் கணக்கில் அவளையும் கேட்காமலே சேர்த்துவிட்டோம். இத்தனைக்கும் சாம்பாரில் இருக்கும் வெங்காயம் நாய்க்கு விஷமாம். உப்பும் மிளகாயும் வேறு அவள் வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. நல்லவேளையாகச் சீக்கிரம் வந்தீர்கள். உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் அவித்த கோழியும் சோறும் கொடுங்கள், தேறிவிடுவாள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

வரும் வழியில் காரிலேயே எனக்கு ஒன்று மட்டும் விளங்கிவிட்டது. பவுனு கற்றதை மறக்கவில்லை. சம்பளத்தை வெட்டிவிட்டு ஓவர்டைமும் கேட்டால் இந்தக் கூலிமில் எந்தத் தொழிலாளி சும்மா இருப்பான்?

ஆனால் வீட்டில் கோழி அவிப்பது எப்படி? புரட்டாசி முடியும் வரை அடுப்பில் மாமிசம் ஏறக் கூடாது என்பதில் இவர் ஒரே பிடிவாதம். எனக்கும் மனசு ஒப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று மாலை பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நின்றபடியே, தட்டில் வாய் வைத்ததிலிருந்து டாக்டரம்மா கேட்டது வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்:

"நம்ம புள்ளைங்களுக்கே நோன்பு புடிக்க வயசு வரட்டும்னு காத்திருப்போம். வாயில்லா ஜீவனுக்கு என்னத்துக்கு தங்கச்சி இதெல்லாம்? பசிச்சா அது எங்கதான் போவும்? பக்கத்து வீட்டுக்குத்தான் வரும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகார் கொடுக்க வேண்டியவர் வக்காலத்து வாங்குகிறாரே!

அத்தோடு விடவில்லை பாய். டவுனில் அவருக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. தினமும் குழம்புக்குக் கோழி அவிகிற இடம். மசாலா போடுவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்து, எலும்பை நீக்கி, பொட்டலமாகக் கட்டி, சாயங்காலம் வரும்போது எங்கள் கேட்டில் மாட்டிவிடுவதாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரரும் யோசித்து ஒப்புக்கொண்டார். வெளியிலிருந்து வருவது வெளியிலேயே முடிந்துவிடும். அடுப்புக்கும் சாமிக்கும் பங்கமில்லை.

அப்படியாக, பக்கத்து வீட்டு முஸ்லிம் அனுப்பும் ஹலால் கோழியைத் தின்று எங்கள் வீட்டு இந்து நாய் புரட்டாசியைக் கழித்தது. இந்த நாட்டில் இதற்கெல்லாம் யாரும் மாநாடு போடுவதில்லை. கேட்டில் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பொட்டலத்தைப் பிரித்துப் போடும் வேலையை இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "நீ சாமி வெளக்கேத்துறவ, உனக்கெதுக்கு அந்த வாடை?" என்றார். கரங்கானுக்கு அனுப்புவேன் என்று குதித்தவருக்குள் இவ்வளவு ஈரமா என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

பவுனு தேறிவிட்டாள். ரோமத்தில் மினுமினுப்பு திரும்பிவிட்டது. பாய் பொட்டலத்தை மாட்டும்போது கேட்டுக்கு இந்தப் பக்கம் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். பூனைகள் அவள் மூக்குக்கு நேரே நடந்து போகின்றன. வாலைத் தவிர எதுவும் அசைவதில்லை. வயிறு நிறைந்தால் பாதி ஒழுக்கம் தானாக வந்துவிடும்போல. மீதிக்குத்தான் பயிற்சி தேவை.

நேற்று, கடைசிச் சனிக்கிழமை. கோயில் பிரசாதம் இருந்தது. பாய் வீட்டுக் குழந்தைகளுக்குப் பழமாவது கொடுப்போம் என்று போனேன். பவுனு எப்படி இருக்கிறாள் என்று விசாரித்த பாய், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"கேக்கணும்னு நெனச்சேன் தங்கச்சி. டாக்டரு உப்பு போடக் கூடாதுன்னு சொன்னதா நீ சொன்ன. ஆனா உங்க வீட்டுத் தம்பி நடுவுல வந்து, கொஞ்சம் கூடுதலா வைங்க பாய், லேசா உப்பும் மிளகுத்தூளும் தனியா மடிச்சு வச்சிருங்கன்னாரே... நாய்க்கு ஒத்துக்கிருச்சா?"

நான் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கார் நிறுத்தும் இடத்தில் பவுனு எல்லைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குந்தியிருந்தவர் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

கரங்கானுக்கு போன் போட்டு நாத்தனாரிடம் கேட்டிருக்கிறேன் — கொஞ்ச நாளைக்கு ஒருத்தரை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று.