ஓட்டக்காரிக்குக் கிடைத்த குடம்

எழுபதுகளில் எங்கள் மயிலாப்பூர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த அந்தப் பெண், நெடுந்தூர ஓட்டத்தில் மாநில சாம்பியன். ஒல்லியாக, கறுப்பாக, சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூவுடன் இருப்பார். அடையாற்றிலிருந்து தினமும் ஓடித்தான் வேலைக்கு வருவார். வழியில் கண்டக்டர்கள் பரிதாபப்பட்டு பஸ்ஸை நிறுத்துவார்கள். பெரியவர்கள், "எவம்மா துரத்தறான்?" என்று அக்கறையோடு விசாரிப்பார்கள். பெண் ஒருத்தி சும்மா ஓடுவாள் என்று நம்ப ஊரில் ஆளில்லை.

அவர் பதக்கம் வாங்கியதும் அலுவலகத்தில் பாராட்டு விழா நடந்தது. "இவ்வளவு ஓடியும் வீட்டுச் சமையலை விடவில்லை" என்று மேலாளர் மனமுருகிப் பேசி, எவர்சில்வர் குடம் ஒன்றைப் பரிசளித்தார்.

அது குழாயில் காற்று மட்டுமே வந்த கோடை. வாசலில் நான், "குடத்தோட எப்படி ஓடுவீங்க? பஸ்ல போங்க" என்றேன்.

"இது இருந்தா நல்லதுதான் சார். தண்ணி லாரி வந்துடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. ஒருத்தரும் நிறுத்த மாட்டாங்க."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். உண்மையாகவே ஒருவரும் நிறுத்தவில்லை. ஆனால் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நாலைந்து பெண்கள் குடங்களோடு, "லாரி எங்கக்கா நிக்கிது?" என்று பின்னாலேயே ஓடினார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் அடையாறு வரை போய்ச் சேர்ந்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.