சிங்கு உத்திராபதியின் பந்தி

அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் உத்திராபதி இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவித் தலையில் போட்டு, பிடரியில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். கட்டம் போட்ட நீலக் கைக்குட்டை. ஒரு முனை எப்போதும் நெற்றிக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். "அழகா இருக்கேனா? அமெரிக்காவுல ரெண்டு வருஷம் படிச்சதுக்கு இது ஒண்ணுதாங்க மிச்சம்" என்கிறார்.

பாபநாசத்துக்குத் தெற்கே அந்த ஊரில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைத்தெருவில் விசாரித்தால், "சிங்கு வீடா? வாய்க்கால் ஓரமாவே போங்க" என்று கை காட்டுகிறார்கள். மாட்டைத் திட்டும்போது மட்டும் பஞ்சாபியில் திட்டுவார். "அதுக்குப் புரியாது. மனசு கஷ்டப்படாதுல்ல."

நெல் சாகுபடி படித்துவரச் சொல்லி அவருடைய அப்பா அவரைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். ஸ்டாக்டன் பக்கம் ஒரு கல்லூரி. சைவச் சாப்பாடு கிடைக்காமல் ரொட்டியும் ஜாமும் தின்று இளைத்துப்போனவரை, யாரோ ஞாயிற்றுக்கிழமை சீக்கியர்களின் குருத்வாராவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வருகிறவர் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு.

"மிராசுதார் வீட்டுப் பிள்ளை வந்திருக்கேன், தனியா நாற்காலி போடுவாங்கன்னு நின்னேங்க. ஒரு பெரியவர் வந்து தலையில துணியைக் கட்டிவிட்டு, தரையில உட்காரவச்சுட்டார். பக்கத்துல பீச் பழம் பறிக்கிற ஆளு. சாப்பிட்டு எந்திரிச்சா, பாத்திரம் கழுவுற தொட்டியைக் காட்டுறார். எங்க வீட்டுல நான் குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தினது கிடையாது."

அந்தப் பெரியவர் மல்கீத் சிங். பழத்தோட்டமே அவருடையது. தன் தோட்டத்து ஆட்களோடு நின்று அதே தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். உத்திராபதி வாராவாரம் போனார். சப்பாத்தி தேய்க்கவும் பழகினார். "நான் தேய்ச்சதை மட்டும் தனியா எடுத்துக் குழந்தைங்களுக்கு விளையாடக் குடுத்துடுவாங்க."

அவர் ஊர் திரும்பிய வருஷம் வரப்புகளில் செங்கொடி நட்டிருந்தது. வாய்க்கால் பாலத்தில் போலீஸ் வேன் நின்றது. கூலியைக் கூட்டாமல் அறுவடைக்கு வர மாட்டோம் என்று தொழிலாளர்கள் சொல்ல, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். உத்திராபதியின் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிட்டால் தகராறு தானாகத் தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. களத்தில் அடுப்பு வெட்டி, சோறும் சாம்பாரும் பரங்கிக்காய்க் கூட்டும் பாயசமும் ஆக்கிவைத்து ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்.

ஒருவரும் வரவில்லை. சங்கத்துக்காரர் ரெத்தினம் மட்டும் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றியபடியே கேட்டார்: "கூலியைக் கேட்டா சோத்தைப் போடுறீங்களா ஐயா? சோத்தைப் போட்டே கூலியை அமுக்குனவங்களை எங்க அப்பன் காலத்துலேயே பாத்தாச்சு."

பாயசம் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று.

"அவர் கேட்டது ஞாயந்தாங்க. மல்கீத் சிங் தோட்டத்துலயும் திங்கக்கிழமை ஆனா கூலிச் சண்டை நடக்கும். அப்ப ஒருத்தரும் ஞாயித்துக்கிழமைச் சோத்தைப் பத்திப் பேச மாட்டாங்க. நான் ஞாயித்துக்கிழமை மட்டும் போயிட்டு வந்த அறிவாளி."

மறுநாள் காலையில் அவரே ரெத்தினம் தெருவுக்குப் போய், சங்கம் கேட்ட கூலியை ஒப்புக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் சேதி பரவிவிட்டது. மனைவியின் அண்ணன் சிவசாமிக்கு அடுத்த வரப்பில் நிலம். "நீ குடுத்தா நாங்களும் குடுத்தாகணும். இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மகள் கல்யாணத்துக்கு உத்திராபதியின் மனைவி சௌந்தரநாயகிக்கு அழைப்பு இல்லை.

"அவ அழுதா. நான் மேடையில பேசுற மாதிரி சமத்துவத்தைப் பத்தி விளக்கம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் அழுதா."

அறுவடை முடிந்ததும் மறுபடி சோறு ஆக்கினார். இந்தத் தடவை வந்தார்கள். உத்திராபதி பந்தியின் நடுவில் போய் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் எழுந்து நின்றுவிட்டார்கள். வேறு இடம் போனார், அங்கேயும் எழுந்தார்கள். "பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி தோத்துதுங்க." கடைசியில் நடவுப் பெண்களுக்குத் தலைமையான ராமாயி, "ஐயா, சோறு ஆறுது. நீங்க வாளியை எடுங்க, கடைசிப் பந்தியில உட்காரலாம்" என்றார்.

அந்தக் கடைசிப் பந்தியில் உத்திராபதி ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரும் எழவில்லை. அதுவரை வைக்கோல்போர் மறைவில் நின்றிருந்த சௌந்தரநாயகி நடந்து வந்து, ராமாயி பக்கத்தில் இலையை விரித்து உட்கார்ந்தார். ஏன் வந்தாய் என்று உத்திராபதி இன்றுவரை கேட்டதில்லை. "கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாளோன்னு பயம்."

இப்போது ஒவ்வொரு அறுவடைக்கும் பந்தி உண்டு. கூலிப் பேச்சும் தனியாக உண்டு. ரெத்தினம் ஒரு பிடி நெல்லைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை. சிவசாமி இன்னும் பேசுவதில்லை.

இந்தத் தை மாதம் கும்பகோணத்திலிருந்து நானும் போயிருந்தேன். பத்திரிகைக்கு எழுதவேண்டியதை வழியில் பஸ்ஸிலேயே பாதி யோசித்துவைத்திருந்தேன். ஒரே மண், ஒரே பசி என்றெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்கள். பந்தி கூடியதும் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. வேட்டி வேறு சலவை வேட்டி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவன்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு களத்து ஓரத்தில் நின்றேன். உத்திராபதி சாம்பார் வாளியோடு என்னைக் கடந்து போனார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

நான் நின்ற பக்கம் பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராமாயி தலை நிமிரவில்லை. வலக்கையில் சோற்றைப் பிசைந்தபடியே, இடக்கையால் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த இடத்தில் கிடந்த வைக்கோலைத் தடவிச் சமன்படுத்தினார்.