முதல் கோப்பை

கவரைப்பேட்டையில் எங்கள் கபடி அணியின் வரலாற்றை ஆண்டு விழா மலருக்கு நான் எழுத வேண்டியிருந்தது. முதல் கோப்பைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த இறுதி ஆட்டத்தில் ஆர்.கே.பேட்டை முருகேசன் கடைசியாகப் பாடி வந்து என் குதிகாலைத் தொட்டார். நடுவர் கவனிக்கவில்லை. தொடவில்லை என்று நான் சாதித்தேன். ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

இப்போது இருவருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனி. கேன்டீனில் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"தொட்டது எனக்குத் தெரியாதாப்பா?" என்றார். "எங்க ஆளுங்கதான் நம்பல. பாயின்ட்டுக்காக பொய் சொல்றேன்னு சொல்லிக்கினு டீம்லேர்ந்தே தூக்கிட்டாங்க."

ஒரு புள்ளிதானே என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதினேன். எங்கள் அணியில் பலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. முருகேசன் மட்டும் இரண்டு மலர் கேட்டு வாங்கினார்.

"ஒண்ணு எங்க பழைய கேப்டனுக்கு," என்றார்.