அறுக்க வைத்திருந்த தவளை

யுத்த காலம். நாற்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு மாசி மாதம். பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த நான், பரீட்சைக்கு முந்தைய லீவில் ராஜபாளையம் வந்திருந்தேன். எடுத்திருந்தது உயிரியல் பிரிவு. பிராக்டிகல் பரீட்சையில் தவளையை அறுத்து, ரத்தக் குழாய்களைச் சேதமில்லாமல் பிரித்துக் காட்ட வேண்டும். எனக்கோ கை நடுங்கும். கல்லூரியில் ஒவ்வொரு தடவையும் குழாயையே வெட்டித் தொலைத்திருந்தேன். தேறினால் டாக்டர் படிப்பு. தேறாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அப்பா அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்றால் தவளை கிடைத்தால்தானே! மழையே இல்லை, கண்மாய் வெடித்துக் கிடந்தது. தோட்டக் கிணற்றில் இறங்கி, தாவணியெல்லாம் சேறாக்கிக்கொண்டு ஒரே ஒரு தவளையைப் பிடித்தேன். ஈரச்சாக்கு போட்ட பானைக்குள் விட்டுக் கொல்லையில் வைத்தேன். பிஸ்கட் டப்பா மூடியில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, அறுப்பதற்குத் தட்டும் செய்து வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் பானை காலி.

தெருவில் ஒரே பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தையும் இன்னொருத்தியும் ஓர் உலக்கையின் இரு முனைகளைத் தோளில் வைத்து, பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார்கள். உலக்கை நடுவே வேப்பிலையும் ஈரத்துணியுமாக என் தவளை! அத்தை வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மழை வேண்டித் தவளையை வீடு வீடாகக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றச் சொல்வது அவர்கள் வழக்கம்.

"அத்தை, அது என் தவளை!"

"தவளைன்னு சொல்லாத அம்மாயி. இப்ப அது கப்பதல்லி, மழைத் தாயி."

"நான் அறுக்கணும் அத்தை!"

கூட்டமே நின்று என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்தது. அம்மா எனக்காகப் பேசுவாள் என்று திரும்பினேன். பானையிலிருந்து எடுத்துக் கொடுத்ததே அவள்தானாம்! ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தவளைமேல் ஊற்றினாள். "சும்மா கெட ஏட்டி. மழ பெஞ்சா நமக்குந்தான பெய்யும்" என்றாள்.

மறுபடி பிடித்துவிடலாம் என்ற நப்பாசையில் தெருத்தெருவாகப் பின்னாலேயே போனேன். கடைசியில் ஊர்க் கிணற்றில் விட்டார்கள். அவ்வளவு ஆழத்தில் யார் இறங்குவது? கிணற்றடியிலேயே உட்கார்ந்து, "நான் பெயிலாகி, அந்த ஸ்ரீவில்லிபுத்தூரானுக்குக் கழுத்தை நீட்டுறேன், போதுமா?" என்று கத்தி அழுதேன்.

சாயங்காலம் அத்தை மூடிய செம்போடு வந்தார். உள்ளே பெரிய தவளை ஒன்று.

"இதக் கட்டல, பாடல, யாரும் தண்ணி ஊத்தல. வெறும் தவக்கள. அறுத்துக்கோ."

காலையில் தாய், மாலையில் வெறும் தவக்களை! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

கொடுத்தவர் போகவும் இல்லை. மயக்க மருந்து காட்டி, குண்டூசி குத்தி வயிற்றைத் திறக்கும்வரை 'இது என்ன, அது என்ன' என்று தொணதொணப்பு. "செத்த நேரம் பேசாம இருங்க அத்தை" என்று எரிந்து விழுந்தேன். அது பெண் தவளை. வயிறு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக முட்டைகள்.

"இது வெளிய வார வழி எது?"

கத்தரி முனையால் காட்டினேன். அத்தை குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எம் மவளுக்குப் புள்ள குறுக்க நின்னுருச்சு. டாக்டரு வாசல் வரைக்கும் வந்தாரு. ஆம்பளன்னு மாப்பிள்ள வீட்டு ஆளுக உள்ள விடல. ரெண்டு உசிரும் போச்சு." தட்டை என் பக்கம் நகர்த்திச் சொன்னார்: "நீ அறு. கை நடுங்காம அறு."

அன்று ஒரு குழாய்கூட வெட்டுப்படவில்லை.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. நான் தேறினேன், டாக்டரும் ஆனேன். ஊரில் இன்றும் எனக்குத் 'தவளை டாக்டரம்மா' என்றுதான் பெயர், எரிச்சலாக வரும். பிரசவ அறை வாசலில் கேள்விமேல் கேள்வி கேட்டு உயிரை வாங்கும் பெண்களைக் கண்டால் அதைவிட எரிச்சல். வெளியே போகச் சொல்ல வாயெடுப்பேன். தட்டின் மேல் குனிந்த அத்தையின் முகம் நினைவுக்கு வரும். ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு, பிள்ளை வரும் வழி எது என்று அவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.