மைக்கில் கேட்ட சாலமன்

முடிச்சூர் கபடி அணியில் கார்னரில் நிற்கும் சாலமனுக்கு ஒரு பழக்கம். ரைடு வந்தவனின் விரல் தன் மேல் பட்டுவிட்டால், நடுவர் பார்த்தாரோ இல்லையோ, கையைத் தூக்கிவிட்டு வெளியே போய்விடுவான். மானமுள்ள ஆட்டக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். காலையில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது, மாலையில் மைதானம். இருபத்திரண்டு வயதில் அவன் வாழ்க்கை அவ்வளவுதான்.

மைதான ஸ்பீக்கரிலும் யூடியூபிலும் வர்ணனை செய்த துரைராஜின் வாயிலோ அவன் வேறு ஆள். மைக் கிடைத்தால் அந்த மனிதருக்குத் தலைகால் புரியாது. சாலமன் தொடையைத் தட்டினால் “ஏரியா ரவுடித்தனம்”. சிட்லபாக்கம் கேப்டன் நிகில், இன்ஜினியரிங் படிக்கிற பையன், அதையே செய்தால் “இன்னா ஒரு வெறி, ஆட்டத்து மேல!” நிகில் நடுவரிடம் கத்தினால் கேப்டனின் பொறுப்பு. சாலமன் சும்மா முறைத்தாலே “இந்தப் பசங்களுக்கு டிசிப்ளின் கிடையாது”. அரையிறுதியில் சாலமன் தானாகக் கை தூக்கி வெளியேறியபோது, “மாட்டிக்கினாரு! திருட்டு முழியைப் பாருங்க!” என்றார். அந்தக் கிளிப்பை ஊரே பார்த்துச் சிரித்தது.

ராஜகோபாலும் அதைப் பார்த்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வங்கிக்கு ஆள் எடுப்பவர். இறுதிப் போட்டிக்கு முன் சாலமனைக் கூப்பிட்டார்.

“உன் ஆட்டம் ஓகே தம்பி. ஆனா வீடியோவெல்லாம் பார்த்தேன். ஆபீஸ்ல ரவுடித்தனம் ஒத்து வராது. இன்னிக்கு எப்படி நடந்துக்கறேன்னு பார்த்துட்டுதான் உன் பேரைக் கொடுப்பேன்.”

சாலமன் நேரே துரைராஜிடம் போனான். “அண்ணா, நான் இன்னாண்ணா தப்பு பண்ணேன்? டச் ஆச்சு, கை தூக்கிக்கினு போனேன். அதுக்குக் கூடவா திருடன்னு சொல்லுவ?”

“அது கன்டென்ட்டுடா. உன் மூஞ்சிக்கு அதான் செட் ஆவுது,” என்று ஒயரைச் சுற்றிக்கொண்டே சிரித்தார் துரைராஜ். பளாரென்று ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் அதையும் வீடியோ போட்டுச் சம்பாதித்திருப்பார்.

இறுதிப் போட்டியின் கடைசி ரைடு. முடிச்சூர் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ரைடு வந்த நிகில் திரும்பும்போது அவன் நகம் சாலமனின் முழங்கையை உரசியது. கை தூக்கினால் ஆட்டம் சமம். “டச், டச்!” என்று நிகில் குதித்தான். சரியாகப் பார்க்காத நடுவர் சாலமனிடமே கேட்டார்.

சாலமன் ஒரு முறை மைக் இருந்த பக்கம் பார்த்தான்.

“இல்ல சார்.”

முடிச்சூருக்குக் கோப்பை. “எவ்ளோ அமைதி பாருங்க! சாலமன் தங்கமான பையன்!” என்று துரைராஜ் ஸ்பீக்கர் கிழியக் கத்தினார். ராஜகோபால் கைதட்டிவிட்டு அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிகில் வந்தான். “பட்டுச்சுன்னு உனக்கே தெரியும். நீ எப்பவும் கை தூக்குவியேடா?”

“தூக்கினேன், திருடன்னானுங்க. இன்னிக்குத் திருடினேன், தங்கம்ன்றானுங்க. நீ படிச்சவன்தான? சொல்லு, நான் இன்னா பண்ணணும்?”