தண்ணீர் போகும் மனை

அடியில் இருப்பது மேலே தெரியும் மூன்று டிரேசிங் துணிகளையும் ஆச்சி மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மூலைக்கு மூலை குண்டூசி குத்துவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடித்துணியில் கிராமப் படத்தின் நகல். குடும்பத்து மனைகள் பங்காளிக்கு ஒரு வர்ணமாகத் தீட்டியிருக்கும். அதன்மேல் பாதைகளும் வாடகை வீடுகளும். எல்லாவற்றுக்கும் மேலே, மழைத்தண்ணீர் போகும் வழிகள் நீல மையில். மூன்றையும் வரைந்தவன் நான். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் எனக்குச் சோறு இறங்காது.

அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியில் ஆச்சி குடும்பத்துச் சொத்துகளைக் கவனிக்கும் ஆபீசில் படம் வரைபவனாகச் சேர்ந்தேன். கணவர் இறந்தபின் நாற்பது வயதில் நிர்வாகத்தைக் கையில் எடுத்தவர் ஆச்சி. மற்ற வீடுகளில் பத்திரங்களை இரும்புப் பெட்டியில் பூட்டுவதோடு சரி. “பெட்டியில இருக்கது காயிதந்தானே. எந்த நெலம் எதை ஒட்டிக் கெடக்குன்னு பாக்க வேணாமா?” என்பார். சர்க்கார் படத்தில் இல்லாத ஓடைகளை, அடைமழை விட்ட காலையில் நேரே நடந்து பார்த்துக் குறிக்கச் சொல்வார். செருப்பு சேற்றோடு போய்விடுமே என்று நான் முணுமுணுப்பதற்குள் அவர் வெகுதூரம் முன்னால் போயிருப்பார்.

எழுபதுகளில் ஓர் ஆவணியில் அவருடைய கொழுந்தனார் வந்தார். மகளுக்குத் தையில் கல்யாணம். செலவுக்காக, மானகிரிப் பக்கம் தன் பங்குக்கு வந்த மனையை ஒரு ரைஸ்மில்காரருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். ஆச்சி துணிகளை விரித்தார். நீலக்கோடு அந்த மனையின் நடுவே புகுந்து ஊருணியில் போய் விழுந்தது. மில்லுக்குச் சுற்றுச்சுவர் எழும்பினால் ஊருணி வறண்டுவிடும். கரையிலிருந்த பதினேழு வாடகை வீடுகளின் கிணறுகளும் கூடவே வற்றும். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. விற்பதைத் தடுக்க ஆச்சிக்கு உரிமையும் இல்லை.

“அதுக்காகக் கல்யாணத்தை நிப்பாட்டச் சொல்றீகளா, அண்ணமிண்டி?” என்றார் கொழுந்தனார். அண்ணன் மனைவியை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆச்சி படத்தில் மதுரை ரோட்டில் இருந்த தம் சொந்த மனைமேல் விரலை வைத்தார். “மில்லுக்கு ரோடுதானே முக்கியம்? இதை அவுகளுக்கு வித்துக்கங்க. ஒங்க மனையை எம்பேருக்கு மாத்திருங்க.”

“தண்ணி போக விட்டா எம்மனையில ஒரு வீடு கட்ட முடியாதே. தெரிஞ்சுதேன் கேக்குறீகளா?”

“கட்டத்தேன் வேணாங்கிறேன்.”

ரோட்டு மனை மூன்று மடங்கு பெறுமே என்று நான் மாய்ந்துபோனேன். மறுநாள் கணக்கோடு போய் நின்றேன். ஆச்சி கடைசிவரை கேட்டார். “கணக்கு சரிதேன். வர்ணத்தை மாத்திட்டீகளா?” என்றார்.

தை மாதக் கல்யாணத்துக்குச் சமையல் தண்ணீர் அந்த ஊருணியிலிருந்துதான் வந்தது. வண்டியில் பீப்பாய்கள் இறங்கியபோது, முதல் செம்பை மொண்டு ஆச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கொழுந்தனார்.

இன்று என் பேரன் கம்ப்யூட்டரில் அதே போல அடுக்கடுக்காகப் படம் காட்டுகிறான். கோடு விலகுவதே இல்லை. ஆனால் அந்த மானகிரி மனையைத் தொட்டால் ‘காலி மனை’ என்று வருகிறது. திருத்தச் சொல்லி மூன்று முறை ஆகிவிட்டது.